பழைய பிக்கப்பில் முன் கிரவுன் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர் வீல் டிரைவ் உள்ள பழைய பிக்கப்பின் முன்பக்க டிஃபரென்ஷியலை வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டு வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. மொத்த யூனிட்டையும் பட்டறையில் கிரவுன் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யூனிட்டை முழுதாக இறக்கி முழுதாக ஏற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலை, அதைத் திறந்து உள்ளே பல் செட் பண்ணுவது வீட்டு வேலை இல்லை. போல்ட் இறுக்க அளவு வண்டிக்கு வண்டி மாறும், அந்த எண்களுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும்.

பின்னாடிதான் ஒரு டிஃபரென்ஷியல் இருக்கே, முன்னாடி எதுக்கு இன்னொண்ணு?

வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் ஓடுகின்றன. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒன்று தேய்த்துக்கொண்டு வரும். பின்னால் எஞ்சின் விசையைப் பிரித்துக் கொடுக்க ஒரு டிஃபரென்ஷியல் இருப்பது போலவே, ஃபோர் வீல் போட்டதும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னால் வரும் ஷாஃப்டுக்கும் ஒன்று வேண்டும். ஷாஃப்டோடு சேர்ந்த சின்னப் பல் சக்கரமான பினியன், கிரவுன் வீல் என்ற பெரிய பல் சக்கரத்தைச் சுழற்றும், கிரவுன் வீலோடு சேர்ந்த கூட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்டார் கியர்கள் இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும்.

டூ வீலில், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இழுக்க, ஓடும்போது பெரும்பாலான பழைய பிக்கப்களில் முன் கிரவுனுக்கு வேலையே இல்லை. அதனால் தேய்ந்து சாவதை விட தண்ணீர் புகுந்தோ, சீல் ஒழுகி ஆயில் வற்றியோ, வருடக்கணக்கில் யாரும் திறந்து பார்க்காமலோ சாவதுதான் அதிகம்.

முன்பக்கம் ஊஊனு கூவுது. கிரவுன் போச்சா?

அவசரப்படாதீர்கள். முன்பக்கம் கூவுவதற்குச் சக்கர பேரிங், டயர் தேய்மானம், ஷாஃப்ட் முனையின் மூட்டான கிராஸ், கிரவுன் என்று நாலு பேர் இருக்கிறார்கள். நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டுங்கள். இடது பக்கம் வளைக்கும்போது சத்தம் ஏறினால் வலது சக்கர பேரிங், வலது பக்கம் வளைக்கும்போது ஏறினால் இடது பேரிங் என்று சந்தேகப்படலாம், ஏனென்றால் வளைவுக்கு வெளிப்பக்கம் இருக்கும் சக்கரத்தின் மேல்தான் பாரம் சாயும். முழுதாகத் திருப்பி ஓட்டும்போது மட்டும் கட் கட் என்று அடித்தால் அது ஆக்சிலின் வெளி ஜாயிண்ட், கிரவுனுக்குச் சம்பந்தமில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு குரலிலும் விடும்போது வேறு குரலிலும் கூவினால்தான் கிரவுன் பினியன் பல் மேல் சந்தேகம் வரவேண்டும்.

சக்கரத்தின் நடுவில் கையால் திருகி ஆக்சிலைச் சக்கரத்தோடு பூட்டவும் விடுவிக்கவும் செய்யும் லாக்கிங் ஹப் இருந்தால் இன்னும் எளிது. ஹப்பைத் திறந்த, அதாவது விடுவித்த, நிலையில் வைத்து டூ வீலில் ஓட்டுங்கள். அப்போது ஆக்சில், கிரவுன், முன் ஷாஃப்ட் எதுவுமே சுற்றாது, ஆகவே அப்போதும் கூவினால் கிரவுன் நிரபராதி.

ஹப் இல்லாமல் கிரவுனுக்குப் பக்கத்திலேயே ஆக்சிலைப் பிரித்துச் சேர்க்கும் வண்டிகளில் கதை வேறு. அவற்றில் டூ வீலில் ஆக்சில்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், கிரவுன் வீலும் பினியனும் சும்மா இருக்கும். டூ வீலில் கூவி, மண் பாதையில் ஃபோர் வீல் போட்டதும் அடங்கிவிட்டால் பக்க ஆக்சிலைத் தாங்கும் ஊசி பேரிங்கை முதலில் பாருங்கள். அது ஒரு பேரிங் வேலை, அதற்காக முழு யூனிட்டையும் இறக்கிப் புதிதாகப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆயிலைப் பார்த்தா உள்ள என்ன நிலைமைன்னு தெரியுமா?

நிறையவே தெரியும். கீழே இருக்கும் டிரெயின் பிளக்கில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். அதில் பென்சில் கரியைக் குழைத்தது போல் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அது சாதாரணத் தேய்மானம். அந்தப் பசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேயுங்கள். வழவழவென்று இருந்தால் சரி, நெருடினால் கவனம் தேவை, செதில் செதிலாகவோ பல்லின் மூலை உடைந்த துண்டாகவோ வந்தால் மேலே யோசிக்க வேண்டியதில்லை.

ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கியர் ஆயிலுக்கு இயல்பாகவே ஒரு கந்தக நாற்றம் உண்டு, அதைக் கருகிய நாற்றம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் மட்டும் புகுந்து பல் நன்றாக இருந்தால் ஆயிலை இரண்டு முறை மாற்றி ஓட்டிப் பாருங்கள், பல வண்டிகள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

என் வண்டியில எந்த மாதிரி முன் ஆக்சில்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கீழே படுத்துப் பாருங்கள். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஒரே இரும்புக் குழாயாக ஓடி, நடுவில் பூசணி மாதிரி உருண்டை இருந்தால் அது நேர் ஆக்சில். டேனா 44 போன்றவை இந்த வகை. கிரவுன் வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டுத் தனியாக நின்று, இரண்டு பக்கமும் ரப்பர் பூட் போட்ட மெல்லிய ஆக்சில்கள் போனால் அது தனித்தனி சஸ்பென்ஷன் வகை. 1980-களின் நடுவிலிருந்து டொயோட்டா பிக்கப்களிலும், 1988-லிருந்து செவ்ரோலே பெரிய பிக்கப்களிலும் இந்த வகை வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஃபோர்டு 1980-லிருந்து பயன்படுத்திய இரட்டை பீம் வகை ஒன்று உண்டு, அதில் கிரவுன் ஒரு பீமுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

கீழே நான் எழுதுவது பெரும்பாலும் தனித்தனி சஸ்பென்ஷன் வகைக்கு. நேர் ஆக்சிலில் இரண்டு பிரிவு இருக்கிறது. பழைய டொயோட்டா மாதிரி கிரவுன் கூடு ஷாஃப்ட் மாட்டும் பக்கமாகத் தனியாகக் கழன்று வருவது என்றால், இரண்டு ஆக்சிலையும் வெளியே இழுத்துவிட்டு அதை மட்டும் மாற்றிவிடலாம். ஷாஃப்டுக்கு எதிர்ப்பக்கம் மூடி மட்டும் கழன்று, உள்ளே பேரிங் கேப் தெரிகிற டேனா வகை என்றால் முழு ஆக்சிலையும் மாற்றுவதுதான் வீட்டில் நடக்கிற காரியம்.

முழு யூனிட்டும் மாத்தணுமா? உள்ள இருக்கற கிரவுன் பினியனை மட்டும் வாங்கிப் போட்டா மிச்சம் ஆகுமே?

மிச்சம் ஆகும் போலத்தான் தெரியும். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஜோடியாகத் தீட்டப்பட்டு வருபவை, ஒரு செட்டிலிருந்து ஒன்றையும் இன்னொரு செட்டிலிருந்து ஒன்றையும் போட முடியாது. போட்ட பிறகு பினியன் எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, பேரிங் எவ்வளவு இறுக்கம் என்று மூன்றையும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். பல் இடைவெளி பல யூனிட்களில் 0.15-லிருந்து 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதை அளக்க டயல் கேஜ், பேரிங்கைக் கழற்றி மாட்ட பிரஸ், பல் எங்கே படுகிறது என்று பார்க்க மார்க்கிங் பெயிண்ட், இவை தவிர நிறையப் பொறுமை. ஒரு ஷிம் மாற்றினால் மற்ற இரண்டு அளவும் நகரும்.

இதெல்லாம் இருக்கிறவர் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார். மற்றவர்கள் முழு யூனிட்டாக வாங்குங்கள், இல்லையென்றால் யூனிட்டை நீங்களே இறக்கி, கியர் செட் பண்ணத் தெரிந்த பட்டறையில் கொடுத்து வாங்கி, நீங்களே ஏற்றுங்கள். இந்த இரண்டாவது வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை.

பழைய யூனிட் ஒண்ணு கிடைக்குது. வாங்கறதுக்கு முன்னாடி என்ன பார்க்கறது?

ஷாஃப்ட் வந்து மாட்டும் பினியன் ஃபிளேஞ்சைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், முழுச் சுற்று, இரண்டு பக்கமும். பட்டுப்போல் ஓட வேண்டும், இடையில் எங்காவது சொரசொரவென்று உணர்ந்தாலோ ஒரே இடத்தில் தடுக்கினாலோ வேண்டாம். சுற்றும் திசையில் இம்மியளவு ஆட்டம் இருப்பது இயல்பு. மேலும் கீழும் ஆட்டினால் அசையவே கூடாது, அசைந்தால் பினியன் பேரிங் போயிருக்கிறது. அப்புறம் ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் எப்படி இருக்க வேண்டும் என்று மேலே சொல்லியாகிவிட்டது. உள்ளே துரு தெரிந்தால் அது வெள்ளத்தில் கிடந்த வண்டியாக இருக்கலாம். போல்ட் போடும் காதுகளில் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள்.

அதை விட முக்கியம், அது உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பது. ஒரே மாடலிலேயே ஃபோர் வீல் சேர்க்கும் மோட்டார் உள்ளது, வேக்வம் டியூபில் வேலை செய்வது, எதுவுமே இல்லாதது என்று வகைகள் இருக்கும். ஆக்சில் நுனியில் இருக்கும் வரிப்பற்களின் (ஸ்பிளைன்) எண்ணிக்கை மாறலாம், மின் இணைப்பின் பிளக் வடிவம் மாறலாம். பழைய யூனிட்டின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையாக ஒப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ரேஷியோ, அதாவது கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது.

ரேஷியோ கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஓடாதா?

ஓடும், உடைக்கும். ஒரு கணக்கு பாருங்கள். 4.10 ரேஷியோ என்றால் பெரும்பாலும் கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல். 3.73 என்றால் 41-க்கு 11. பின்னால் 4.10 இருக்கிற வண்டியில் முன்னால் 3.73 போட்டுவிட்டு ஃபோர் வீல் போட்டால், ஷாஃப்ட் 41 சுற்று சுற்றுவதற்குள் பின் சக்கரம் 10 சுற்றும் முன் சக்கரம் 11 சுற்றும் போயாக வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் ஒரே தூரம்தான் போகின்றன. மிச்சம் ஒரு சுற்றை டயர் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும், தார் ரோட்டில் வழுக்காது, அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினோ, முன் ஆக்சிலோ, நீங்கள் இப்போதுதான் மாற்றிய கிரவுனோ எது பலவீனமோ அது போகும்.

4.10-க்கு 4.09 மாதிரி தசமத்தில் நூலளவு வித்தியாசம் இருந்தால் பிரச்சினை இல்லை, பல் எண்ணிக்கையின் காரணமாகத் தொழிற்சாலையிலிருந்தே சில வண்டிகள் அப்படி வந்திருக்கின்றன. டூ வீலில் மட்டும்தான் ஓட்டுவேன், ரேஷியோ எப்படி இருந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் எதற்கு மாற்றுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன்.

சரி, என்ன ரேஷியோன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? தகடெல்லாம் எப்பவோ விழுந்துடுச்சு.

எண்ணித்தான். வண்டியை டூ வீலில் வைத்து, ஹப் இருந்தால் பூட்டிவிட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். மறு சக்கரம் தரையில் அசையாமல் இருக்க வேண்டும். முன் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சுற்றுங்கள். மறு பக்கம் நிற்பதால் சக்கரம் 2 சுற்று சுற்றினால்தான் கிரவுன் வீல் 1 சுற்று ஆகும். ஆகவே 2 சுற்றுக்கு ஷாஃப்ட் நாலுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் 4.10, நாலை எட்டாமல் நின்றால் 3.73. கண்ணளவில் குழப்பமாக இருந்தால் சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் 41 சுற்று வந்தால் 4.10, 37 தாண்டி நின்றால் 3.73, சந்தேகத்துக்கே இடமில்லை.

வெளியே கிடக்கும் யூனிட்டிலும் இதேதான், ஒரு பக்க ஆக்சில் ஃபிளேஞ்சை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு பக்கத்தைச் சுற்றுங்கள். ஆக்சிலைப் பிரித்துச் சேர்க்கும் வகையாக இருந்தால் அது சேர்ந்த நிலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணுவதில் அர்த்தமே இருக்காது. உங்கள் வண்டியின் பின் கிரவுனையும் எண்ணிப் பாருங்கள், பழைய வண்டியில் முன்னாள் உரிமையாளர் என்ன மாற்றியிருப்பார் என்று யார் கண்டது.

என்னென்ன சாமான் வேணும்? ஒரே ஆளா முடியுமா?

வழக்கமான சாக்கெட் செட் தவிர, நீளமான கைப்பிடி, டார்க் ரெஞ்ச், ஆக்சில் நட்டுக்கான பெரிய சாக்கெட், நெம்புகோல், பால் ஜாயிண்ட் புல்லர், துரு இளக்கும் ஸ்பிரே, ஆயில் பிடிக்கத் தட்டு, ஆயில் ஏற்ற பம்ப், நாலு நல்ல ஸ்டாண்டு. கியர்பாக்ஸ் இறக்கும் தட்டையான ஜாக்கி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள், இந்த வேலையில் உடம்பைக் காப்பாற்றுவது அதுதான்.

பிரிக்கும் வேலை வரை ஒருவர் போதும். யூனிட்டை இறக்கும்போதும் ஏற்றும்போதும் இன்னொருவர் கட்டாயம். நெஞ்சில் வைத்து இறக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஒழுங்கற்ற வடிவம், ஒரு பக்கம் மட்டும் கனம், எண்ணெய் வேறு. துருப்பிடிக்காத வண்டி என்றால் ஒரு நாளில் முடியும், துருப்பிடித்தது என்றால் இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு, முதல் நாள் மாலையே எல்லா போல்டிலும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள்.

ஜாக்கி நல்ல கனமான ஜாக்கிதான். ஸ்டாண்டு எதுக்கு?

ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. உள்ளே ஒரு சின்ன ரப்பர் சீல் கிழிந்தால் சத்தமே இல்லாமல் இறங்கிவிடும். இந்த வேலையில் ஆக்சிலை நெம்புவீர்கள், சுத்தியலால் அடிப்பீர்கள், வண்டி ஆடும். ஸ்டாண்டை சஸ்பென்ஷன் கையின் கீழே வைக்காமல் சட்டத்தின் கீழே வையுங்கள், கை தொங்கினால்தான் ஆக்சில் வெளியே வர இடம் கிடைக்கும். பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். கீழே போவதற்கு முன் வண்டியைத் தோளால் தள்ளிப் பாருங்கள், ஆடினால் போக வேண்டாம்.

முதல்ல எதைக் கழட்டணும்?

முதலில் ஆயில் ஊற்றும் மேல் பிளக். டிரெயின் பிளக் இல்லை, மேல் பிளக். அது திறக்குமா என்று உறுதி செய்த பிறகுதான் கீழே திறந்து ஆயிலை விடவேண்டும். கீழே காலி செய்துவிட்டு மேலே திறக்க முடியாமல் வண்டியை நகர்த்தவும் முடியாமல் நின்றவர்கள் உண்டு. வாங்கி வந்த யூனிட்டிலும் ஏற்றுவதற்கு முன்பே மேல் பிளக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்திவிடுங்கள், தூக்கிய பிறகு சக்கரம் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். லாக்கிங் ஹப் வண்டிகளில் அந்தப் பெரிய நட்டு இருக்காது, ஹப் மூடியைக் கழற்றினால் உள்ளே ஆக்சில் நுனியில் ஒரு சர்க்ளிப் இருக்கும். அப்புறம் வண்டியைத் தூக்கி, சக்கரம், அடித்தட்டு, பிரேக் கேலிப்பர் என்று வரிசையாக. கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். முன் ஷாஃப்டைக் கழற்றும் முன் ஃபிளேஞ்ச் இரண்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிடுங்கள், திரும்ப அதே நிலையில் மாட்டினால்தான் அதிர்வு வராது. மின் இணைப்பு, வேக்வம் டியூப், உள்ளே இருக்கும் காற்று போய்வர மேலே போகும் பிரீதர் ஹோஸ் மூன்றையும் யூனிட் இறங்குவதற்கு முன்பே கழற்ற மறக்க வேண்டாம், பிரீதர் ஹோஸ் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும்.

ஆக்சில் வெளிய வரவே மாட்டேங்குது. இழுத்து இழுத்துக் கை போச்சு.

இழுப்பதை உடனே நிறுத்துங்கள். ஆக்சில் தண்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயிண்ட் பிரிந்து உருளைகள் பூட்டுக்குள் விழும், கிரவுனுக்குள் இருக்கும் நுனி அசையாது. உங்கள் வண்டியில் ஆக்சில் ஃபிளேஞ்சில் ஆறு போல்ட் போட்டு இணைத்திருந்தால் போல்டைக் கழற்றினாலே போதும். போல்ட் இல்லாமல் நேராக உள்ளே போயிருந்தால் நுனியில் ஒரு வளைய கிளிப் இருக்கிறது, அது வெடுக்கென்று அமுங்கினால்தான் வரும். உள் ஜாயிண்டின் உலோகக் கிண்ணத்துக்கும் கிரவுன் உடம்புக்கும் நடுவே நெம்புகோலை வைத்து, ஒரே வீச்சில் சுண்டுங்கள். மெதுவாக அழுத்தினால் வராது. நெம்புகோல் நுனி ஆயில் சீலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரவில்லையென்றால் ஆக்சிலைக் கால் சுற்று திருப்பி மறுபடி சுண்டுங்கள், கிளிப்பின் வாய் வேறு இடத்துக்குப் போனதும் சில நேரம் சட்டென்று வந்துவிடும்.

பால் ஜாயிண்ட்டையும் பிரிச்சே ஆகணுமா?

பல வண்டிகளில் ஆமாம், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வெளியே சாய்ந்தால்தான் ஆக்சிலை உருவ இடம் கிடைக்கும். முள்கரண்டி மாதிரி இருக்கும் கருவியை அடித்து இறக்கினால் பிரியும், கூடவே ரப்பர் பூட்டும் கிழியும். பூட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் புல்லர் போட்டு இறுக்கிவிட்டு, பால் ஜாயிண்ட் உட்கார்ந்திருக்கும் நக்கிள் காதின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் இரண்டு அடி. நட்டை முழுதாக எடுக்காமல் நாலு மரை விட்டுவைத்து அடியுங்கள், பிரிந்ததும் எல்லாம் காலில் விழாது.

டார்ஷன் பார் குறுக்க வருதே, கழட்டிடலாமா?

இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். டார்ஷன் பார் என்பது முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங், வண்டியின் முன் பாரம் முழுதும் அதில் தேங்கி நிற்கிறது. சரிசெய்யும் போல்டைச் சும்மா கழற்றிவிட்டால் பாரைப் பிடித்திருக்கும் இரும்புக் கை அடித்துக்கொண்டு வரும். அதை இளக்குவதற்கென்றே ஒரு புல்லர் உண்டு. அந்தப் புல்லர் கையில் இல்லாமல் தொடாதீர்கள். பல வண்டிகளில் அதைத் தொடாமலே கிரவுனைச் சாய்த்து எடுத்துவிட முடியும், முதலில் அதை முயலுங்கள். இளக்கியே ஆகவேண்டும் என்றால் போல்டில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், வண்டியின் உயரம் அதில்தான் இருக்கிறது.

கழட்டி வெளிய வச்சாச்சு. ஏத்தறதுக்கு முன்னாடி வேற என்னென்ன மாத்தலாம்?

இரண்டு பக்க ஆக்சில் சீல் கட்டாயம். தாங்கும் ரப்பர் புஷ் கட்டாயம், பழைய வண்டியில் அது பிசுபிசுத்துப் போயிருக்கும், ஃபோர் வீலில் கியர் போடும்போது வரும் தட் என்ற சத்தம் பாதி நேரம் அந்த புஷ்தான். பிளக் வாஷர், பிரீதர் ஹோஸ் இரண்டும் சின்னச் செலவு.

பினியன் சீல் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அதை மாற்ற பினியன் நட்டைக் கழற்ற வேண்டும், அந்த நட்டின் இறுக்கம்தான் பல யூனிட்களில் உள்ளே ஒரு மெல்லிய குழாயை நசுக்கி பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. ஒழுகவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒழுகினால், நட்டுக்கும் தண்டுக்கும் சேர்த்து அடையாளம் போட்டு, வெளியே தெரியும் மரையை எண்ணி, சீல் மாற்றிய பிறகு அதே இடத்துக்குக் கையால் கொண்டுவாருங்கள். நியூமேட்டிக் கன்னை அந்த நட்டின் அருகில் கொண்டுபோகவே வேண்டாம்.

என்ன ஆயில்? எவ்வளவு ஊத்தணும்?

மேனுவல் வேறு சொல்லாதவரை ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90. கிரவுன் பினியன் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதோடு வழுக்கவும் செய்கின்றன, அந்த அழுத்தத்தைத் தாங்கும் சேர்மானம் ஜிஎல்-5-இல்தான் போதுமான அளவு இருக்கிறது. கியர்பாக்ஸுக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஜிஎல்-4-ஐ ஊற்றாதீர்கள்.

அளவு வண்டியைப் பொறுத்து ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரும். வண்டி சமதளத்தில் நிற்க, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை வந்து வழிய ஆரம்பித்தால் போதும். முன்பக்கம் மட்டும் தூக்கிய நிலையில் ஊற்றினால் அளவு தவறும்.

புது சீல் போட்டும் ஒழுகுது. சீல் மட்டமா?

சீலைத் திட்டுவதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். ஓடும்போது யூனிட் சூடாகி உள்ளே காற்று விரியும், மேலே போகும் ஹோஸ் மண்ணில் அடைத்திருந்தால் அந்தக் காற்று சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். அதே வண்டி சூடாக இருக்கும்போது தண்ணீரில் இறங்கினால் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். மேலே சொன்ன பால் நிற ஆயில் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. பிரீதர் சரியாக இருந்தால் அடுத்தது ஆக்சிலில் சீல் உட்காரும் இடம். நகத்தால் வருடிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் எந்த சீலும் நிற்காது.

எல்லாம் மாட்டியாச்சு. எப்படி ஓட்டிப் பார்க்கறது?

ஆக்சில் நட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்காமல் வண்டியை உருட்டவே கூடாது, ஒரே கட்டாக வரும் சக்கர பேரிங்கை அந்த நட்டுதான் பிடித்து வைத்திருக்கிறது. முதலில் தூக்கிய நிலையிலேயே சக்கரத்தைக் கையால் சுற்றிக் கேளுங்கள். பிறகு டூ வீலில் கொஞ்ச தூரம், நிறுத்தி ஒழுகலைப் பார்த்து, அப்புறம் மண் பாதையிலோ புல்தரையிலோ ஃபோர் வீல். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் நல்ல வண்டியே இறுகி முனகும், புதிதாகப் போட்ட கிரவுன் மேல் பழி விழும்.

உள்ளே புது கிரவுன் பினியன் போட்ட யூனிட் என்றால் முதல் சில ஓட்டங்களை 15, 20 நிமிடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், பாரம் இழுக்க வேண்டாம், சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஃபோர் வீல் விழ மாட்டேங்குது, லைட் மட்டும் மின்னிக்கிட்டே இருக்கு.

கியரில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. வேக்வம் டியூப் இரண்டு இடம் மாறி மாட்டப்பட்டிருக்கும், அல்லது கழற்றும்போது காய்ந்துபோன டியூப் முனை வெடித்திருக்கும், அல்லது மின் பிளக் முழுதாக உட்காரவில்லை. மோட்டார் வகையில் பழைய யூனிட்டின் மோட்டார் வேலை செய்துகொண்டிருந்தால் அதையே புதிதில் மாட்டிப் பாருங்கள். பழைய செவ்ரோலே சிலவற்றில் சூடாகி விரியும் ஒரு கருவிதான் ஆக்சிலைச் சேர்க்கும், அதற்குச் சில நொடிகள் பிடிக்கும், பழுதென்று முடிவு கட்டாதீர்கள்.

மாத்தின யூனிட்டும் கூவுதே?

இரண்டாவது கேள்விக்கான பதிலில் இருக்கும் சோதனைகளை மறுபடி செய்யுங்கள். ஹப்பைத் திறந்ததும் நிற்கிறதா? நின்றால் யூனிட்டில் கோளாறாக இருக்கலாம், பழைய யூனிட்டாக வாங்கியிருந்தால் இது நடக்கக்கூடியதுதான். நிற்கவில்லையென்றால் முதலிலேயே கிரவுன் போகவில்லை. கூவலுக்குப் பதில் அதிர்வாக இருந்தால் ஷாஃப்டில் போட்ட கோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், நடுவில் உருவிக்கொள்ளும் ஷாஃப்டை ஸ்பிளைன் மாற்றி மாட்டியிருந்தால் இரண்டு கிராஸும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் போய்விடும்.

வீல் அலைன்மெண்ட் பார்க்கணுமா?

ஸ்டீயரிங்கிலிருந்து வரும் டை ராடு எண்டை நக்கிளிலிருந்து மட்டும் பிரித்து மாட்டியிருந்தால் தேவையில்லை. அதன் மரையைத் திருப்பியிருந்தால், டார்ஷன் பாரைத் தொட்டிருந்தால், சஸ்பென்ஷன் கையின் கேம் போல்டைத் தளர்த்தியிருந்தால் கட்டாயம்.

புது யூனிட் வர நாளாகும். அதுவரைக்கும் முன் கிரவுன் இல்லாம வண்டியை ஓட்டலாமா?

வண்டியைப் பொறுத்தது. கையால் திருகும் ஹப் உள்ள வண்டி, உள் முனை போல்டில் நிற்கும் ஆக்சில் என்றால், ஆக்சில்களை முழுதாக எடுத்துவிட்டு, தூசி போகாமல் அடைத்து, டூ வீலில் ஓட்டலாம். பெரிய ஆக்சில் நட்டு உள்ள வண்டியில் ஆக்சிலை எடுத்துவிட்டுச் சக்கரத்தை மட்டும் மாட்டி ஓட்டவே கூடாது, பேரிங் பிரிந்துவிடும். ஆக்சிலின் வெளி ஜாயிண்டை மட்டும் தனியாகப் பிரித்து ஹப்பில் போட்டு, நட்டை முழு அளவுக்கு இறுக்கினால்தான் சரி.

முன் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நேராகச் செருகும் வகை என்றால் அதைக் கழற்றியதும் அங்கிருந்து ஆயில் ஊற்றும், அந்தத் துளையை அடைக்காமல் ஓட்டினால் இன்னொரு யூனிட்டையும் வாங்க வேண்டி வரும். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால், நடு டிஃபரென்ஷியலைப் பூட்டினால் ஒழிய வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், எஞ்சின் விசை முழுதும் எதுவும் மாட்டாத முன் முனையைச் சுற்றிக்கொண்டிருக்கும்.